ஊர்ப் பாட்டு யாருடைய பாட்டு?

சென்னையிலிருந்து பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மேற்கே செல்வோர், மதுரவாயலையும் வானகரத்தையும் கடந்து வேலப்பன்சாவடியை அடைந்தபின் சாலையை விட்டுச் சற்றே உள்ளே திரும்பினால் நூம்பல் என்னும் ஊர் வரும். வயல்கள் இருந்த இடங்களில் இன்று அடுக்குமாடி வீடுகளும் கல்லூரிக் கட்டடங்களும் எழுந்துவிட்டன. இவ்வூரில் நம் உறவினர் இல்லத் திருமணம் ஒன்றிற்குச் சென்றிருந்தோம். விருந்து முடிந்து, பந்தலில் வாடகை ஒலிபெருக்கி ஓய்ந்த பிறகு, மணமகளின் பாட்டனார் காலியான தேக்சா ஒன்றைக் கவிழ்த்து வைத்து, விரல்களால் தாளமிட்டுத் தேசிங்குராஜன் பாட்டைப் பாடத் தொடங்கினார். எண்பதைக் கடந்த குரல். ஆயினும் குதிரை ஓடும் இடம் வந்தபோது அந்தக் குரலிலும் குதிரை ஓடியது. பெண்டிர் அடுக்களை வாயிலில் வந்து நின்றனர்.

பாட்டின் நடுவில் அவருடைய பேரன், பத்து வயதுச் சிறுவன், ஒரு கேள்வி கேட்டான்: "நன்னா, இது நம்ம பாட்டா, அவங்க பாட்டா?"

கூடியிருந்தோர் சிரித்தனர். பெரியவர் தாளத்தை நிறுத்தாமலே, "ஊர்ப் பாட்டு கண்ணு" என்று சொல்லி மேலே பாடினார். நமக்கோ சிரிப்பு வரவில்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு இப்படி ஒரு கேள்வி தோன்றுமாறு காலம் மாறியிருக்கிறதே என்ற எண்ணம் வீடு திரும்பும் வழியெல்லாம் உடன் வந்தது. அக்கேள்விக்கு வரலாறு என்ன விடை சொல்கிறது என்று தேடியதன் பயனே இக்கட்டுரை. இசை பற்றி மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடுகள் உண்டு. அவற்றினுள் நாம் புகவில்லை. அடக்கப்பட்ட மக்கள் தம் குரலைப் பாட்டில் எவ்வாறு காப்பாற்றி வைத்தனர் என்பதே ஈண்டு நம் பொருள்.

தேசிங்கும் அவன் தோழனும்

முதலில் அப்பெரியவர் பாடிய கதையையே எடுத்துக்கொள்வோம். தேசிங்கு என்று தமிழ் மக்கள் அழைக்கும் தேஜ்சிங், புந்தேலா ராஜபுத்திர இளைஞன். அவனுடைய தந்தை சொரூப்சிங், மொகலாயப் பேரரசின் சார்பில் செஞ்சிக் கோட்டையின் தலைவராக இருந்தவர். தந்தை இறந்தபின் கோட்டை தனக்கே உரியது என்று மகன் கொண்டான். ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லா கானோ பேரரசுக்குச் செலுத்தவேண்டிய கப்பப் பாக்கியைக் கேட்டார். கி.பி. 1714-ஆம் ஆண்டு அக்டோபரில் செஞ்சிக்கு அருகே நடந்த போரில், சிறு குதிரைப்படையுடன் பெரும்படையை எதிர்த்த அவ்விளைஞன் மாண்டான். வரலாற்று நூல்களில் இந்நிகழ்ச்சிக்குக் கிடைப்பது ஒரு பக்கமோ அரைப் பக்கமோதான். செஞ்சியைச் சுற்றியிருந்த உழவரும் உடுக்கை அடிப்போரும் அதற்குக் கொடுத்த இடமோ முந்நூறு ஆண்டுகள்.

இங்கே நாம் நின்று கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, தேசிங்கு தமிழன் அல்லன். வடபுலத்திலிருந்து வந்த குடும்பத்தினன். தமிழ் பேசினானோ இல்லையோ, யாரும் கேட்கவில்லை. பெரிய அதிகாரத்தின் முன் தலை குனிய மறுத்தான் என்ற ஒன்றிற்காகவே இம்மண் அவனைத் தன் பிள்ளையாக ஏற்றுக்கொண்டது. 'மண்ணின் மைந்தன்' என்ற சொல்லை இன்று எளிதாக வீசுவோர் இதைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

இரண்டாவது செய்தி நம் சமுதாயத்தார்க்கு இன்னும் நெருக்கமானது. பாட்டில் தேசிங்கின் உயிர்த்தோழன் மகமத்துகான் என்னும் முஸ்லிம் வீரன். நாட்டுப்புறப் பாடகர் வாயில் அவன் 'மோவுத்துக்காரன்'. தேசிங்கின் குதிரை பாராசாரி. மகமத்துகானின் குதிரை நீலவேணி. போர் மூண்டது என்ற ஓலை வந்தபோது மகமத்துகான் தன் மணப்பந்தலில் இருந்தான் என்கிறது பாட்டு. மணக்கோலத்தைக் களைந்துவிட்டு நீலவேணியின் மேல் ஏறினான். நண்பனுக்கு முன்னே களத்தில் வீழ்ந்தான். நண்பன் போனபின் தனக்கும் வாழ்வு வேண்டாம் என்று தேசிங்கும் மடிந்தான். கேட்போர் கண் கலங்கும் இடம் இதுவே. அரசனின் இறப்பைக் காட்டிலும் தோழனின் இறப்பிற்கே கிராமத்துக் கூட்டம் அழும். செஞ்சியை அடுத்த நீலாம்பூண்டியில் மகமத்துகானின் அடக்கத்தலம் இருக்கிறது. அவன் குதிரைக்கும் அங்கே சமாதி உண்டு.

எதிர்ப்பக்கத்தில் நிற்கும் நவாபும் முஸ்லிம்தான். அப்பாட்டைக் கட்டியவர் பெயர் நமக்குத் தெரியாது. ஆனால் அவர் ஒரு சமயத்தாரை ஒருபுறமும் மற்றொரு சமயத்தாரை மறுபுறமும் நிறுத்திக் கதை சொல்லவில்லை என்பது தெரிகிறது. அரங்கநாதனை வணங்கும் அரசனும் அல்லாஹ்வைத் தொழும் தோழனும் ஒரே களத்தில் சாகிறார்கள். சாதத்துல்லா கானைப் பற்றியும் நியாயமாகச் சொல்லவேண்டும்: அவர் பேரரசின் அலுவலராகத் தம் கடமையைச் செய்தவர். இளவயதில் மாண்ட அவ்வீரனின் நினைவாகவும், உடன்கட்டை ஏறிய அவன் மனைவியின் நினைவாகவும் அவர் எழுப்பிய ஊரே இராணிப்பேட்டை என்பர்.

பூந்தமல்லிப் பகுதி இக்கதைக்குப் புறம்பானதன்று. 17-ஆம் நூற்றாண்டில் கோல்கொண்டா ஆட்சியின்போது எழுந்த பள்ளிவாசல் பூந்தமல்லியில் உண்டு. பின்னர் இச்சீமை ஆர்க்காட்டு நவாபின் கைக்குச் சென்று, 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆங்கிலக் கம்பெனியிடம் போய்ச் சேர்ந்தது. ஆட்சி கைமாறக் கைமாற வரி வாங்குவோரின் மொழி மாறிற்று. வரி கொடுப்போர் இரவில் கேட்ட பாட்டு மாறவில்லை. நூம்பல் பெரியவர் தம் இளமையில் இதனை ஓர் உடுக்கைப் பாடகரிடம் கேட்டுக் கற்றதாகச் சொன்னார். அப்பாடகர் முஸ்லிம் அல்லர். அதைச் சொல்லவேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. நாம் கேட்டதால் சொன்னார்.

கும்மந்தான் கான்சாகிபு

தேசிங்கு கதையில் நாம் பெருமை கொள்வது எளிது. கான்சாகிபு கதை அவ்வளவு எளிதன்று.

முகம்மது யூசுப்கான், இராமநாதபுரம் சீமையைச் சேர்ந்த பனையூரில் வேளாளர் குடும்பத்தில் பிறந்து இஸ்லாத்தைத் தழுவியவர் என்பது மரபு. கம்பெனியின் சிப்பாய்ப் படையில் உயர்ந்து அதன் தலைவரானார். 'கமாண்டண்ட்' என்ற பதவிப் பெயரையே மக்கள் 'கும்மந்தான்' ஆக்கிக்கொண்டனர். 1758 டிசம்பர் முதல் 1759 பிப்ரவரி வரை பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டிருந்தபோது, வெளியே நின்று பிரெஞ்சுக்காரருக்கு வரும் உணவையும் தளவாடத்தையும் மறித்து அவர்களை அலைக்கழித்தவர் இவரே. பரங்கிமலையில் நடந்த சண்டையிலும் இவர் படை நின்றது. கம்பெனிக்கு இவ்வளவு செய்தவர் 1759-இல் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் ஆளுநரானார். ஏரி குளங்களைச் செப்பனிட்டார். நெசவுத் தொழிலை ஊக்கினார். மதுரைக் கோயிலுக்குரிய நிலங்களை மீட்டுக்கொடுத்தார். கான்சாபுரம் என்ற பெயருள்ள ஊர்கள் இன்றும் தென்மாவட்டங்களில் இருக்கின்றன.

பின்னர் நவாபின் ஆணைக்கும் கம்பெனியின் ஆணைக்கும் அடங்க மறுத்துத் தனியாட்சி நாட்டினார். 1763-64 ஆண்டுகளில் மதுரைக் கோட்டையை முற்றுகையிட்ட படையால் நேர்நின்று அவரை வெல்ல இயலவில்லை. உடனிருந்தோரே அவரைப் பிடித்துக் கொடுத்தனர்; தொழுகையில் இருந்தபோது கட்டினர் என்பர். 1764 அக்டோபர் 15-ஆம் நாள் மதுரையில் தூக்கிலிடப்பட்டார். உடலைத் துண்டித்து வெவ்வேறு ஊர்களில் புதைத்தனர். சம்மட்டிபுரத்தில் உள்ள அடக்கத்தலம் அவருடையது. கயிறு இருமுறை அறுந்தது என்பது போன்ற கதைகள் அவர் இறப்பைச் சுற்றி வளர்ந்தன. எதிரியின் உடலைக்கூட ஓரிடத்தில் விட அஞ்சிய அரசு எவ்வளவு நடுங்கியிருக்கும் என்பதை மக்கள் புரிந்துகொண்டதன் அடையாளமே அக்கதைகள்.

அவர் மீது எழுந்த கதைப்பாடலே 'கான்சாகிபு சண்டை'. பேராசிரியர் நா. வானமாமலை, 1970-களின் தொடக்கத்தில் மதுரைப் பல்கலைக்கழகத்தின் வாயிலாகப் பதிப்பித்த கதைப்பாடல்களுள் அதுவும் ஒன்று. வானமாமலை பொதுவுடைமைக் கொள்கையர். நம் சமுதாயத்தவர் அல்லர். ஆயினும் வீரபாண்டியக் கட்டபொம்மு கதைப்பாடலுக்குக் கொடுத்த அதே உழைப்பைக் கான்சாகிபு பாடலுக்கும் கொடுத்தார். நம் செல்வர்கள் திருமண மண்டபங்களுக்கு ஈந்த பொருளில் நூற்றில் ஒரு பங்கைப் பழஞ்சுவடிகளுக்கு ஈந்திருந்தால் அவர் போன்றோர்க்குச் சுமை குறைந்திருக்கும். இதை வருத்தத்தோடுதான் எழுதுகிறோம்.

இனி எளிதல்லாத பகுதிக்கு வருவோம். இதே கான்சாகிபு, கம்பெனியின் தளபதியாக இருந்தபோது நெற்கட்டுஞ்செவல் பூலித்தேவரை ஒடுக்கியவர். கம்பெனிக்கும் நவாபுக்கும் கப்பம் கட்ட மறுத்து முதலில் எழுந்த பாளையக்காரர்களுள் ஒருவர் பூலித்தேவர். அவருடைய கோட்டைகள் வீழ்ந்தது 1761-இல், யூசுப்கான் கையால். ஆகவே திருநெல்வேலிச் சீமையின் மேற்குப் பகுதியில் பாடப்படும் பாட்டில் கான்சாகிபு பகைவர்; மதுரையில் பாடப்படும் பாட்டில் நாயகர். இரண்டும் உண்மையே. மூன்றாண்டுகளுக்குள் அடக்கியவரே அடங்க மறுத்தவர் ஆனார். நம்மவர் என்பதற்காக முதற்பாட்டை மறைப்பதும், நம்மவர் அல்லர் என்பதற்காகப் பிறர் இரண்டாம் பாட்டை மறப்பதும் ஒரே தரத்துப் பிழைகள்.

பாட்டைப் பறிக்க முடியாத அரசு

கட்டபொம்மனை 1799 அக்டோபர் 16-இல் கயத்தாற்றில் தூக்கிலிட்டனர். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தரைமட்டமாக்கி அதன்மேல் ஏர் உழுதனர். 1801-இல் மருதுபாண்டியரும் அவரைச் சார்ந்தோரும் வீழ்ந்தபின், பாளையங்களில் படைக்கலம் வைத்திருப்பதே குற்றமாயிற்று. அந்த 1801 ஜூனில் சின்னமருது வெளியிட்ட அறிக்கை திருச்சியிலும் திருவரங்கத்திலும் ஒட்டப்பட்டது என்பதும், அது நாட்டின் பல சாதியாரையும் முஸ்லிம்களையும் பெயர் சுட்டி ஒருங்கே அழைத்தது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கவை. வாளும் ஈட்டியும் வேலும் பறிபோயின. பாட்டைப் பறிமுதல் செய்ய எந்தத் தாசில்தாராலும் இயலவில்லை. சிவகங்கைச் சரித்திரக் கும்மியும் அம்மானையும் எழுந்தன. கும்மி என்றால் பெண்கள் வட்டமாக நின்று கைகொட்டிப் பாடுவது; அதை எந்தச் சட்டத்தின் கீழ்த் தடுப்பது? கோட்டையிருந்த மேட்டின் பெயரை அழித்தவர்கள் அந்தக் கைத்தட்டலை அழிக்க மறந்தனர். ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 1959-இல், கட்டபொம்மன் திரைப்படமாக வந்தபோது ஊர் ஊராக மக்கள் திரண்டதற்கு, அக்கதை முன்பே அவர்கள் காதில் இருந்ததும் ஒரு காரணம்.

சில அரசுகள் இவ்வளவு அசட்டையாக இருக்கவில்லை. 1739-இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில், ஸ்டோனோ ஆற்றங்கரையில், ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகள் முரசு அறைந்துகொண்டு கிளர்ந்தெழுந்தனர். கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது. மறு ஆண்டே வந்த சட்டம் அடிமைகள் முரசும் ஊதுகொம்பும் வைத்திருப்பதைத் தடுத்தது. முரசு தோலும் மரமும் மட்டுமன்று, அது செய்தி சொல்லும் நாவு என்பதை எசமானர்கள் உணர்ந்திருந்தனர். அடிமைகள் என்ன செய்தனர்? கைகளைத் தட்டினர், தொடையில் தாளமிட்டனர், பலகைத் தரையைக் காலால் உதைத்தனர். நூம்பலில் கவிழ்த்த தேக்சாவைப் பார்த்தபோது நமக்கு அதுவே நினைவுக்கு வந்தது.

நம் நாட்டுப் பறையின் வரலாறு இதற்கு நேர்மாறானது. முரசை வைத்திருக்கக் கூடாது என்றது அங்குள்ள சட்டம். பறையை நீதான் அடிக்கவேண்டும், வேறு தொழில் கூடாது என்றது இங்குள்ள சாதி. ஆகையால் சாவு வீட்டில் பறையடிக்க மறுப்பதே இங்கே ஒரு காலத்தில் எதிர்ப்பாக இருந்தது. மறுத்தவர்கள் அடியும் பட்டனர். பின்னர், 1990-கள் தொட்டு, அதே பறையைத் தாமே விரும்பி, மேடையில், தலைநிமிர்ந்து அடிப்பது எதிர்ப்பாயிற்று. கருவி ஒன்றுதான், அதைக் கையில் எடுப்பது யார் விருப்பத்தால் என்பதே வேறு.

வள்ளியின் தினைப்புனத்தில் ஒரு வெள்ளைக் கொக்கு

எழுத்தறியாத மக்களிடையே விடுதலை வேட்கையை வளர்த்தவர்கள் யார் என்று கேட்டால், பலரும் தலைவர்களின் பெயரையே சொல்வர். நாம் நாடகக்காரர்களைச் சொல்வோம். ஆர்மோனியப் பெட்டியும் எரிவாயு விளக்கும் கொண்டு, இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை நாடகம் நடத்திய அவர்களை அன்றைய பெரிய மனிதர் பலர் மதிக்கவில்லை.

அவர்களுள் முதல்வர் எஸ். எஸ். விசுவநாததாஸ். 1886-இல் சிவகாசியில் மருத்துவர் குலத்தில், அதாவது சவரத் தொழில் செய்வோர் குலத்தில் பிறந்தவர். குரல் வளம் மிக்கவர். வள்ளி திருமணம் நாடகத்தில் முருகன் வேடம் அவருக்குப் புகழ் தந்தது. அந்நாடகத்தில் வள்ளி தினைப்புனத்தில் பறவை ஓட்டும் காட்சி ஒன்றுண்டு. அங்கே வெள்ளைக் கொக்கை விரட்டும் பாட்டு ஒன்று நுழைந்தது. இயற்றியவர் மதுரை பாஸ்கரதாஸ். கொக்கு எது, அது எந்தக் கடலைக் கடந்து வந்தது, யாருடைய தினையைத் தின்கிறது என்பது மண் தரையில் அமர்ந்திருந்த உழவருக்கு விளங்க உரையாசிரியர் தேவைப்படவில்லை. கொட்டகை ஆரவாரித்தது. போலீசாருக்கும் விளங்கிற்று.

அரசினர் கையில் 1876-ஆம் ஆண்டின் நாடகச் சட்டம் இருந்தது. வங்காளத்தில் ஆங்கிலேயரை எள்ளி நகையாடிய நாடகங்களைக் கண்டு மருண்டு இயற்றிய சட்டம் அது. நாடகத்தின் பிரதியைக் கேட்டு வாங்கிப் படிக்கலாம், தடுக்கலாம். வள்ளி திருமணத்தின் பிரதியில் ஒரு குற்றமும் இராது; பழைய புராணக் கதை. குற்றம் இருந்ததோ பிரதியில் இல்லாத பாட்டில்! ஊருக்கு ஊர், நாளுக்கு நாள் அது மாறும். பஞ்சாபில் படுகொலை நடந்தால் அடுத்த வாரம் தினைப்புனத்தில் அதைப் பற்றிப் பாட்டு வரும். எனவே போலீசார் மேடையின் பக்கத்திலேயே காத்திருந்து கைது செய்யவேண்டியதாயிற்று. விசுவநாததாஸ் பலமுறை சிறை சென்றார்; மீண்டு வந்து மீண்டும் பாடினார். அச்சட்டத்தை நம் நாடாளுமன்றம் முற்றாக நீக்கியது 2018-இல்தான் என்றால் வாசகர்கள் வியப்பர். விடுதலை வந்து எழுபது ஆண்டுகள் அது ஏட்டில் இருந்தது.

இன்னொரு தடையும் அவருக்கு இருந்தது. அதை விதித்தவன் வெள்ளையன் அல்லன். சவரத் தொழிலாளர் குலத்தவரோடு இணைந்து நடிக்க மாட்டோம் என்று சில நடிகையர் மறுத்தனர். நாட்டுக்காகச் சிறை செல்பவரோடு மேடையில் நிற்க மறுத்த நாடு இது. அப்போது தாமாக முன்வந்து அவருடன் நடித்தவர் மதுரை கே. பி. ஜானகி அம்மாள். பின்னர் பொதுவுடைமை இயக்கத்தில் சேர்ந்து, 1967-இல் மதுரை கிழக்குத் தொகுதியிலிருந்து சட்டமன்றம் சென்றவர் அவரே.

1940 டிசம்பர் 31-ஆம் நாள் இரவு, நூம்பலிலிருந்து பத்துப் பன்னிரண்டு மைல் தொலைவிலுள்ள சென்னை நகரில், ராயல் நாடக அரங்கில் வள்ளி திருமணம். மயில்மீது முருகனாக அமர்ந்து பாடிக்கொண்டிருந்த விசுவநாததாஸின் உயிர் அங்கேயே பிரிந்தது. விடுதலைக்கு இன்னும் ஆறரை ஆண்டுகள் இருந்தன. திருமங்கலத்தில் அவர் வாழ்ந்த வீடு இன்று நினைவில்லமாக இருக்கிறது.

பாஸ்கரதாஸைப் பற்றி ஒரு சிறு செய்தி. தமிழின் முதல் பேசும்படம் எனப்படும் 'காளிதாஸ்' 1931 அக்டோபரில் வெளிவந்தது. காளிதாசன் கதையில் காந்தியடிகளின் கைராட்டைக்கு என்ன வேலை? ஆயினும் அப்படத்தில் டி. பி. ராஜலட்சுமி கைராட்டையைப் போற்றிப் பாடினார், பாட்டு பாஸ்கரதாஸுடையது. கதைக்குப் பொருந்தாது என்று யாரும் குறை சொல்லவில்லை. காலத்திற்குப் பொருந்தியது.

தமிழ் பாடலாமா?

அந்நியனை எதிர்த்த பாட்டு ஒன்று; சொந்த வீட்டில் இடம் கேட்ட பாட்டு மற்றொன்று. தமிழ்நாட்டுச் சங்கீத மேடைகளில் தெலுங்கும் வடமொழியுமே ஓங்கி, தமிழ்ப்பாட்டு கடைசியில் 'துக்கடா'வாகத் தலைகாட்டிய காலம் இருந்தது. இதனை மாற்ற முதலில் உழைத்தவர்களுள் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் தலையாயவர். சித்த மருத்துவர், கிறித்தவர். பழந்தமிழ்ப் பண்களை ஆராய்ந்து 'கருணாமிர்த சாகரம்' என்ற பெருநூலை 1917-இல் வெளியிட்டார். ஈழத்தில் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் நெடுங்காலம் ஆராய்ந்து 1947-இல் 'யாழ்நூல்' தந்தார். இடையில், 1941 ஆகஸ்டில், அண்ணாமலை அரசர் சிதம்பரத்தில் தமிழிசை மாநாடு கூட்டினார். இசைக்கு மொழியில்லை, தரம் தாழ்ந்துவிடும் என்றெல்லாம் மறுப்புகள் எழுந்தன. 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றிற்று. இராஜாஜி, கல்கி, டி. கே. சி. ஒருபுறம், பெரியாரும் அண்ணாவும் மறுபுறம் என வேறெதிலும் ஒன்றுபடாதோர் இதில் ஒன்றுபட்டனர். பாட்டு புரியவேண்டும் என்று கேட்பது குற்றமா என்பதே சாரம்.

இவ்வழக்கில் முஸ்லிம் தமிழர்க்குத் தனியே வாதாட வேண்டிய தேவை இருக்கவில்லை. 5027 பாடல்கள் கொண்ட சீறாப்புராணத்தை உமறுப்புலவர் தமிழில்தான் பாடினார். தொண்டிக்கு அருகே குணங்குடியில் பிறந்து, சென்னை இராயபுரத்தில் 1838-இல் மறைந்த மஸ்தான் சாகிபின் பாடல்கள் சமய எல்லை கடந்து பாடப்பட்டன. திருத்தணிகைச் சரவணப்பெருமாள் ஐயர் அவர்மீது நான்மணிமாலை இயற்றினார். முனாஜாத்து, கிஸ்ஸா, மசலா, நாமா, படைப்போர் என்ற புதிய இலக்கிய வகைகளையே நம் முன்னோர் தமிழுக்குத் தந்தனர். நூறு மசலாவை நம் பாட்டிமார் அரிக்கன் விளக்கின் முன் இராகத்தோடு படிக்க, அண்டை வீட்டார் திண்ணையில் அமர்ந்து கேட்டது நம்மில் மூத்தோர்க்கு நினைவிருக்கும்.

1937-க்குப் பின் பள்ளிகளில் இந்தி கட்டாயமாக்கப்பட்டபோது, முஸ்லிம்களுக்கு உருது உள்ளதால் இது அவர்கள் பிரச்சினை அன்று என்று சிலர் கருதினர். பி. கலிபுல்லா சட்டமன்றத்தில் எழுந்து, தாம் ஒரு ராவுத்தர் என்றும், தம் தாய்மொழி தமிழே, உருது அன்று என்றும், அதற்காக வெட்கப்படவில்லை, பெருமையே கொள்வதாகவும் கூறினார். 1938 ஆகஸ்டு முதல் நாள் திருச்சியிலிருந்து நடைப்பயணமாகப் புறப்பட்ட தமிழர் படை, செப்டம்பர் 11-இல் சென்னையை அடைந்தது. வழியெல்லாம் பாட்டே அவர்களுக்கு வழிச்சோறு.

அந்தப் பாட்டு மேடையிலிருந்து வளர்ந்த குரலே நாகூர் இ. எம். அனிபாவுடையது. 1925-இல் பிறந்து 2015 ஏப்ரல் 8-இல் சென்னையில் மறைந்த அவரை 'இசைமுரசு' என்றது தமிழகம். ஒலிபெருக்கி இல்லாத காலத்திலும் கூட்டத்தின் கடைசி வரிசைக்கு எட்டிய குரல். மாலையில் திராவிட இயக்க மேடையில் அவர் பாடினால் தலைவர்கள் வருமுன் கூட்டம் சேரும். இரவில் மீலாது மேடையில் அதே குரல் நபிபெருமானின் புகழைப் பாடும். இரண்டையும் கேட்டவர்கள் ஒரே மக்கள். தமிழனா முஸ்லிமா என்று அவரிடம் கேட்க யாருக்கும் தோன்றியதில்லை. அவர் பாடும்போது அந்த இரண்டு சொற்களுக்கும் நடுவே இடைவெளி இருக்கவில்லை. மார்கழி விடியலில் கோயில் ஒலிபெருக்கிகள்கூட அவருடைய இறைப்பாடலை ஒலித்ததுண்டு. இதே போன்று ஆந்திரத்தின் கரவதியில் பிறந்த ஷேக் சின்ன மௌலானா திருவரங்கத்தில் குடியேறி, 1999-இல் மறையும்வரை நாதசுரம் வாசித்ததும் எவருக்கும் விந்தையாகப் படவில்லை.

நூம்பல் சிறுவனுக்குச் சொல்ல வேண்டிய விடை இவற்றுள் எங்கோ இருக்கிறது என்று எண்ணி, ஒரு மாதம் கழித்து மீண்டும் அவ்வீட்டிற்குச் சென்றோம். பெரியவரிடம் பாட்டை முழுமையாகக் கேட்டு எழுதிக்கொள்ள விரும்பினோம். மகமத்துகான் நீலவேணியில் ஏறும் வரை தடையின்றிப் பாடினார். அதன்பின் அடிகள் வரவில்லை. தாளம் மட்டும் வந்தது. சிறிது நேரம் அதையே அடித்துக்கொண்டிருந்துவிட்டு, தண்ணீர் கேட்டார்.

சென்னையில் பழைய புத்தகக் கடை ஒன்றில் பெரிய எழுத்துத் தேசிங்குராஜன் கதை கிடைத்தது. அஞ்சலில் அச்சிறுவனுக்கு அனுப்பினோம். நான்கு நாள் கழித்துத் தொலைபேசியில் அழைத்தான். "பெரியத்தா, புஸ்தகம் வந்துச்சு. ஆனா இதுல மெட்டு இல்லையே?" என்றான்.

மெட்டுக்கு நன்னாவிடம் போ என்றோம். அவர் அஸர் தொழுகைக்குப் பள்ளிவாசல் போயிருக்கிறாராம். வந்ததும் பிடித்துக்கொள்கிறேன் என்று சொல்லித் தொலைபேசியை வைத்தான்.